இருபது டாலருக்குள் ஹாங்காங்: டிராமும் ஸ்டார் ஃபெர்ரியும்

ஹாங்காங்கில் தங்கும் அறைக்குக் கொடுக்கும் வாடகை எவரையும் மலைக்க வைக்கும். ஆனால் அந்நகரைச் சுற்றிப் பார்க்க ஆகும் செலவு அதற்கு நேர்மாறாக மிகக் குறைவு. நண்பர்களோடு குழுவாகச் செல்பவர்கள், சில நூறு டாலர் கேட்கும் மேற்கூரையில்லாச் சுற்றுலாப் பேருந்துகளை விட்டுவிட்டு, அங்குள்ள மக்கள் அன்றாடம் வேலைக்கும் சந்தைக்கும் பயன்படுத்தும் டிராமையும் ஸ்டார் ஃபெர்ரி படகையும் நம்பி ஒரு நாள் முழுவதும் சுற்றலாம் என்பதே என் உறுதியான பரிந்துரை. நாங்கள் அவ்வாறுதான் சுற்றினோம். போக்குவரத்துக்கு மட்டும் ஒருவருக்கு ஆன செலவு 20 ஹாங்காங் டாலரைத் தாண்டவில்லை.

ஹாங்காங் தீவுக்கு எதிர்க்கரையான கௌலூனில் உள்ள சிம் ஷா சுய் பகுதியில் தங்குபவர்களுக்கு நாள் படகிலேயே தொடங்கிவிடுகிறது. துறைமுகத்தைக் கடந்து, தீவில் உள்ள சென்ட்ரல் பகுதியின் 7ஆம் எண் படகுத்துறையை அடையப் பத்து நிமிடம் போதும்; மேல்தளத்தில் அமர நாங்கள் சென்றபோது வார நாள் கட்டணம் 5 டாலராக இருந்தது. கீழ்த்தளம் இன்னும் ஒரு டாலர் மலிவு என்றாலும், எஞ்சின் இரைச்சலும் எண்ணெய் வாடையும் அங்கே சற்றுத் தூக்கலாக இருப்பதால், முதன்முறை செல்பவர்கள் மேலே அமர்வதே நல்லது. வார இறுதியில் கட்டணம் கூடும். படகின் இரு முனைகளும் ஒன்றுபோல் அமைந்திருப்பதால், கரையை அடைந்தபின் அது திரும்ப வேண்டியதில்லை. பயணிகள்தாம் மர இருக்கையின் சாய்மானத்தை மறுபக்கம் தள்ளிவிட்டு, செல்லும் திசையை நோக்கி அமர்ந்துகொள்கிறார்கள்.

இந்தப் படகுச் சேவையைத் தொடங்கியவர் பம்பாயிலிருந்து சென்ற பார்சி வணிகர் தோராப்ஜி நவரோஜி என்பது நம்மவர்களில் பலர் அறியாத செய்தி. 1888இல் அவர் நிறுவிய கௌலூன் ஃபெர்ரி நிறுவனமே 1898இல் ஸ்டார் ஃபெர்ரி எனப் பெயர் மாறியது. 1966இல் முதல் வகுப்புக் கட்டணத்தில் வெறும் ஐந்து சென்ட் உயர்வு முன்வைக்கப்பட்டபோது ஓர் இளைஞர் படகுத்துறையில் உண்ணாவிரதம் இருக்க, அது கௌலூனில் கலவரமாகவே வெடித்தது. எளிய மக்களின் வாழ்வில் இந்தப் படகு எத்தனை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. இன்று கடலுக்கடியில் சுரங்க ரயில் ஓடும்போதும் படகில் கூட்டம் இருக்கிறது. துறைமுகத்தின் நடுவில், இரு கரைகளின் கட்டடங்களும் ஒரே பார்வையில் அடங்கும் அந்தச் சில நிமிடங்களை வேறெந்த வாகனமும் தந்துவிட முடியாது.

படகுத்துறையிலிருந்து மேம்பால நடைபாதை வழியே சிறிது தூரம் நடந்தால் டே வூ சாலை வருகிறது; அங்குதான் டிராம் பிடிக்க வேண்டும். 1904 முதல் ஓடிவரும் இந்த டிராம்கள் ஹாங்காங் தீவின் வடகரையை ஒட்டி, மேற்கே கென்னடி டவுனிலிருந்து கிழக்கே ஷாவ் கெய் வான்வரை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் செல்கின்றன. அனைத்தும் இரட்டைத்தள வண்டிகள். எவ்வளவு தூரம் சென்றாலும் கட்டணம் ஒன்றே. 2025 மே மாதம் 3 டாலரிலிருந்து 3.3 டாலராக உயர்ந்த பின்னும், நம் ரூபாயில் நாற்பதைத் தாண்டவில்லை. பின்புறம் ஏறி, முன்புறம் இறங்கும்போது ஓட்டுநர் அருகே உள்ள பெட்டியில் காசு போட வேண்டும், அல்லது முன்கூட்டியே பணம் நிரப்பிப் பயன்படுத்தும் ஆக்டபஸ் பயண அட்டையைக் காட்ட வேண்டும். சில்லறை திருப்பித் தரமாட்டார்கள் என்பதால், அட்டை வாங்காதவர்கள் சரியான நாணயங்களைக் கையில் வைத்திருப்பது அவசியம். அட்டைக்கான 50 டாலர் முன்பணம் திரும்பக் கிடைக்கும். மூன்று மாதத்துக்குள் ஒப்படைத்தால் ஒரு சிறு தொகையைக் கழித்துக்கொள்வார்கள்.

முதலில் மேற்கு நோக்கிச் சென்று ஷியுங் வானில் இறங்குவது நல்லது. ஹாலிவுட் சாலையில் உள்ள மான் மோ கோயில் 1847இல் கட்டப்பட்டது. கல்விக்கும் வீரத்துக்கும் உரிய இரு தெய்வங்களை ஒன்றாக வணங்கும் இடம். கூரையிலிருந்து சுருள் சுருளாகத் தொங்கும் பெரிய ஊதுவத்திகளின் புகையில் உள்ளே கண் சற்று எரியும். நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கிருந்து சென்ட்ரல் பக்கமாக நடந்து வந்தால், 1993இல் திறக்கப்பட்ட நகரும் படிக்கட்டுத் தொடரைக் காணலாம். 800 மீட்டருக்கும் அதிகமான நீளத்தில் மலைச்சரிவில் ஏறிச்செல்லும் அதற்கும் கட்டணம் இல்லை. காலை பத்து மணிவரை கீழ்நோக்கியும் அதன்பின் நள்ளிரவுவரை மேல்நோக்கியும் இயங்குவதால், பத்து மணிக்குப் பிறகு போவதே சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு ஏற்றது.

நாளின் சிறந்த பகுதி அடுத்து வருவது: மீண்டும் கிழக்கு நோக்கிச் செல்லும் டிராம் பயணம். முகப்புப் பலகையில் நார்த் பாயின்ட் என்று எழுதியிருக்கும் வண்டியாகப் பார்த்து ஏற வேண்டும். ஷாவ் கெய் வான் செல்லும் வண்டிகள் நேராக அகலமான கிங்ஸ் சாலையில் போய்விடும். நார்த் பாயின்ட் வண்டிகள் மட்டுமே கடைசியில் சுன் யியுங் தெருவுக்குள் திரும்புகின்றன. அது காய்கறி, மீன், பழக் கடைகள் இருபுறமும் தண்டவாளம்வரை நெருங்கி நிற்கும் ஒரு சந்தைத் தெரு. மணியோசை கேட்டதும் கூடை தூக்கிய பெண்களும் தள்ளுவண்டிக்காரர்களும் பதற்றமின்றி விலகி வழிவிட, வண்டி கடந்ததும் மறுபடி தண்டவாளத்தின்மேலேயே பேரம் தொடர்கிறது. மேல்தளத்தின் முன்னிருக்கையிலிருந்து இதைப் பார்ப்பதற்காகவே 3.3 டாலர் கொடுக்கலாம் என்பேன்.

அதற்கு முன்பே வழியெங்கும் நகரம் அடுக்கடுக்காக விரிகிறது. ஐ.எம். பெய் வடிவமைத்த சீன வங்கிக் கோபுரத்தைக் கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக் கடந்த சிறிது நேரத்தில், வான் சாயின் ஜான்ஸ்டன் சாலையில் பழைய கடைவீடுகளின் மாடித் தூண்கள் கைக்கெட்டும் தூரத்தில் வருகின்றன. 1920களில் கடல் தூர்க்கப்படும்வரை இந்தச் சாலைதான் கடற்கரையாக இருந்தது. இன்று அங்கிருந்து கடலைக் காணவே முடியவில்லை. வண்டியின் வேகம் மிகக் குறைவு என்பதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. அவசரமாகச் செல்ல வேண்டியவருக்கு அது குறைதான். சுற்றிப் பார்க்க வந்தவருக்கோ, கடைப்பலகைகளையும் சன்னல்களில் காயும் துணிகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க அந்த வேகமே வசதியாகிறது.

நண்பர் குழுவுக்கு இச்சேவை குறிப்பாக ஏற்றது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒருவருக்குச் சந்தை பிடிக்கும், இன்னொருவருக்குக் கட்டடங்கள், மூன்றாமவருக்குத் தேநீர்க் கடையில் உட்கார வேண்டும். சுற்றுலாப் பேருந்தின் நாள்முழுச் சீட்டுக்கு ஒருவர் நானூறு டாலர் கொடுத்திருந்தால், காசுக்கு ஏற்றபடி எல்லா இடமும் பார்த்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் யாரும் யாருக்காகவும் இறங்க மனம் வராது. 3.3 டாலர் வண்டியில் விரும்பிய நிறுத்தத்தில் இறங்கி, பத்து நிமிடம் கழித்து அடுத்த வண்டியில் ஏறினாலும் கூடுதல் செலவு இன்னொரு 3.3 டாலர்தான். எங்கள் குழுவில் அன்று முழுவதும் எங்கே போவது என்ற வாக்குவாதம் எழவே இல்லை; அதற்கு இந்தக் குறைந்த கட்டணமே பெருமளவு காரணம் என்று நான் நம்புகிறேன்.

குறைகளும் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் குளிர்சாதன வசதி இல்லை; சன்னலைத் திறந்துவைத்தாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான புழுக்கத்தில் நெரிசலான வண்டி சோர்வூட்டும். மேல்தளத்துக்கான படிக்கட்டு குறுகலானது, வண்டி அசையும்போது முதியவர்கள் ஏறுவது கடினம். பெரிய பயணப் பெட்டியுடன் வருவதை எண்ணவே வேண்டாம். முன்வரிசையில் சில இருக்கைகளே இருப்பதால், குழுவாகச் சேர்ந்து அமர விரும்பினால் நடுவழியில் ஏறாமல் புறப்படும் முனையத்திலேயே ஏறுவது உத்தமம். அலுவலக நேரமான காலை எட்டு முதல் பத்துவரையும் மாலை ஆறு மணியை ஒட்டியும் தவிர்க்கலாம். புயல் எச்சரிக்கை எட்டாம் எண்ணை எட்டினால் படகும் டிராமும் நின்றுவிடும் என்பதால், கோடையில் செல்பவர்கள் வானிலை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களே எல்லா வகையிலும் ஏற்றவை.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், சா சான் டெங் எனப்படும் எளிய உணவகங்களில் பால் தேநீரும் அன்னாசி பன்னும் மலிவாகக் கிடைக்கும். சைவம் மட்டும் உண்பவர்கள், சிம் ஷா சுய் நேதன் சாலையில் உள்ள சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடத்தின் இந்திய உணவகங்களை நாடலாம்.

மாலையில் சென்ட்ரலுக்கு அன்றைய மூன்றாவது டிராமில் திரும்பி, இருட்டத் தொடங்கும் வேளையில் படகேறுவது சரியாக இருக்கும். 1915இல் கட்டப்பட்ட பழைய ரயில் நிலையத்தின் மணிக்கூண்டு மறுகரையில் இறங்கும் இடத்திலேயே நிற்கிறது. இரவு எட்டு மணிக்கு அங்கிருந்து இலவசமாகப் பார்க்கக்கூடிய ஒளிக்காட்சியும் உண்டு. ஆனால் அதற்காக ஒரு மணி நேரம் முன்பே இடம்பிடிக்கத் தேவையில்லை. எதிர்க்கரைக் கட்டடங்கள் வழக்கமாக ஏற்றும் விளக்குகளே போதிய அழகு. பந்தயம் நடக்கும் புதன்கிழமையாக இருந்தால், படகேறுவதை ஒத்திப்போட்டு ஹாப்பி வேலி என்று பலகையிட்ட டிராமில் ஏறி, 1840களிலிருந்து இருந்துவரும் குதிரைப் பந்தய மைதானத்துக்குச் செல்லலாம். நுழைவுக் கட்டணம் 10 டாலர்தான். பந்தயம் கட்டாமல், உயர்ந்த குடியிருப்புகளுக்கு நடுவே விளக்கொளியில் குதிரைகள் ஓடுவதைப் பார்ப்பதற்கு மட்டும் போனாலும் அந்த மாலை நன்றாகவே கழியும்.