ரோட்டோரம் நீட்டும் காலித் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டச் சாலைகளில் காடி (கார்) ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மழை நேரத்தில் மாடு எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது. எனக்குச் செம்பனை மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தது. ஸ்டீயரிங்கை ஒடித்தேன். என் மைவி காடி கால்வாயைத் தாண்டி ஒரு மரத்தில் போய் இடித்து நின்றது. ஏர்பேக் வெடித்து உதடு கிழிந்தது. மாட்டுக்கு ஒன்றுமில்லை.

நான் யாரையும் கூப்பிடவில்லை. பத்து நிமிடத்தில் நீல நிற இழுவை லாரி வந்து நின்றது. "அண்ணே, பயப்படாதீங்க. கிளைம் எல்லாம் நாங்க பாத்துக்குறோம், உங்களுக்கு ஒரு காசு செலவில்ல" என்றான் அந்தத் தம்பி. குடிக்கத் தண்ணீரும் கொடுத்தான். அப்புறம் நசுங்கிய பானெட் மேல் ஒரு தாளை வைத்து, கைப்பேசி வெளிச்சம் பிடித்து, கையெழுத்துக் கேட்டான். பெயர், தொகை, தேதி எல்லாம் காலி. கை நடுங்கிக்கொண்டிருந்தது, போட்டுவிட்டேன். மழைத்துளி பட்டு மை பரவியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இன்சூரன்ஸ் கம்பெனியின் 24 மணி நேர உதவி எண் டேஷ்போர்டு டிராயரிலேயே கிடந்தது. கூப்பிட்டிருந்தால் இலவசமாக இழுத்துப் போயிருப்பார்கள்.

காடி ஈப்போவில் எனக்குத் தெரியாத ஒரு பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது. சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்தேன், அது ஒன்றுதான் நான் சரியாகச் செய்தது. இன்சூரன்ஸ் ஆள் வந்து பார்த்து டோட்டல் லாஸ், அதாவது பழுதுபார்த்துப் பயனில்லை என்று சொல்வதற்குள் 26 நாள். காடியை விட வேண்டுமென்றால் இழுவைக்கு 600 வெள்ளி (ரிங்கிட்), நிறுத்தி வைத்ததற்கு ஒரு நாளைக்கு 40 வெள்ளி என்றார் பட்டறை முதலாளியான தவுக்கே. மொத்தம் 1,640. என் கையெழுத்தை எடுத்துக் காட்டினார். அது தங்கள் பட்டறை இல்லை என்று கம்பெனி கையை விரித்தது.

அடுத்த அடி பாலிசியிலேயே இருந்தது. அதில் 30,000 வெள்ளி என்று போட்டிருந்ததால் அவ்வளவும் வரும் என்று நம்பியிருந்தேன். கொடுக்க வந்தது 24,500. என்னுடையது 'மார்க்கெட் வேல்யூ' பாலிசியாம். அதில் போட்டிருக்கும் தொகை உச்சவரம்பு மட்டும்தான். விபத்தன்று காடி என்ன விலை போகுமோ அதைத்தான் தருவார்கள். 'அக்ரீட் வேல்யூ' எடுத்திருந்தால் பேசிய தொகை அப்படியே வந்திருக்கும். பல வருடப் பழக்கமுள்ள ஏஜெண்டு வாட்ஸ்அப்பிலேயே புதுப்பித்துக் கொடுத்தார், இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதே வருட மைவிக்கான ஐந்து விற்பனை விளம்பரங்களை அனுப்பிச் சண்டை போட்ட பிறகு 900 வெள்ளி ஏற்றினார்கள். அதுவும் என் கைக்கு வரவில்லை. கடன் பாக்கி 26,800 இருந்ததால் முழுப் பணமும் நேராக பேங்குக்குப் போனது. இல்லாத காடிக்கு இன்னும் 1,400 நான் கட்ட வேண்டும். கிளைம் நடந்த காலத்திலும் மாதத் தவணை நிற்கவில்லை. கிளைம் செய்யாமல் ஓட்டிய வருடங்களுக்காகச் சேர்ந்திருந்த 55 விழுக்காடு பிரீமியக் கழிவும் (என்சிடி) பூஜ்ஜியம்.

தொகையில் தகராறு வந்தால் முதலில் கம்பெனியின் புகார் பிரிவுக்கு எழுதுங்கள். அவர்களின் இறுதிப் பதிலும் சரிப்படாவிட்டால் ஆறு மாதத்துக்குள் எஃப்எம்ஓஎஸ் என்ற நிதிக் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். 2025 ஜனவரியிலிருந்து இயங்குகிறது, கட்டணம் இல்லை.

அந்த நீல லாரி இப்போதும் அதே முச்சந்தியில், கோப்பிக் கடை ஓரமாகத்தான் நிற்கிறது. போன வாரம் மழை தூறியபோது பார்த்தேன், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி என்னைப் பார்த்துக் கை காட்டினான்.