ஒரே நாளில் தோபா ஏரியா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் இருக்கும் மேடானுக்குப் போகும் நம் சிங்கப்பூர் மக்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களை மனதில் வைத்துத்தான் கிளம்புகிறார்கள். ஒன்று, 2005-ல் திறக்கப்பட்ட அன்னை வேளாங்கண்ணி ஆலயம். இன்னொன்று, கம்போங் மெட்ராஸில் 1884-ல் கட்டப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயில். இந்தப் பயணத்தோடு ஒட்டி விற்கப்படும் "தோபா ஏரி இயற்கைச் சுற்றுலா, பேருந்திலும் படகிலும் ஒரே நாளில்" என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

தலைக்கு 158 சிங்கப்பூர் வெள்ளி. அதுவும் விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் போக இந்த ஒரு நாளுக்கு மட்டும். காலையில் ஏறியவர்கள் நள்ளிரவு தாண்டித்தான் ஹோட்டலுக்குத் திரும்பினோம். அதில் ஏரித் தண்ணீர்மேல் இருந்தது போக வர சேர்த்து ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. தீவில் முக்கால் மணி நேரம். மீதியெல்லாம் சாலையும் கடைகளும்தான்.

விற்ற ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை. வக்கீல் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இருக்காது. ஏறக்குறைய இதே நிரலை, இதே படங்களோடு, வேறு பெயர்களிலும் வாட்ஸ்அப் குழுக்களில் பார்த்துவிட்டேன்.

எங்களுக்குக் கொடுத்த தாளில் இருந்தது இது: காலை உணவுக்குப் பின் புறப்பாடு, பெராஸ்தாகி மலைக்காட்சி, சிப்பிசோ-பிசோ அருவி, பராபட்டில் இந்திய சைவ மதிய உணவு, தனிப்படகில் இரண்டு மணி நேர ஏரி உலா, சமோசிர் தீவில் தோமோக் அரசர் கல்லறை, அம்பாரித்தா கல் நாற்காலிகள், மாலையில் மேடான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அழகான படம். எந்த வரியிலும் மணி போடவில்லை.

ஏரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த ஒரு மாபெரும் எரிமலையின் வாய்தான் அது. நீளம் சுமார் 100 கிலோமீட்டர், ஆழம் 500 மீட்டருக்கும் மேல். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று சில்லென்று இருக்கும். வெடிப்புக்குப் பிறகு அடியிலிருந்து மேலெழும்பிய நிலம்தான் நடுவில் இருக்கும் சமோசிர். அந்தத் தீவு மட்டுமே நம் சிங்கப்பூரைவிடக் கொஞ்சம்தான் சிறியது. ஏரியோ சிங்கப்பூரைவிடப் பெரியது. 2020-ல் யுனெஸ்கோ அதை உலகப் புவிப்பூங்காவாக அறிவித்தது. இவ்வளவு பெரிய இடத்தை ஒரு மதியத்தில் முடித்துக் காட்டுகிறோம் என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது "எத்தனை மணிக்கு எங்கே இருப்போம்?" என்பதுதான்.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் மோசடி எங்கே என்று புரிந்துவிடும். மேடானிலிருந்து ஏரிக்கரை ஊரான பராபட்டுக்குப் போகும் வழி கிழக்குப் பக்கம்: தெபிங் திங்கி, பெமாத்தாங் சியாந்தார், அப்புறம் மலை இறக்கம். தூரம் 170 கிலோமீட்டருக்கு மேல். விரைவுச்சாலை இப்போது நீண்டிருப்பதால் முன்பைவிடப் பரவாயில்லை. ஆனாலும் சியாந்தாரைத் தாண்டியதும் குறுகிய வளைவுச் சாலை, முன்னால் லாரிகள். நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப்பிசோ-பிசோ அருவி இருப்பது ஏரியின் வடக்கு முனையில், பெராஸ்தாகி வழியாகப் போகும் வேறொரு சாலையில். அங்கே போகவே மூன்று மணி நேரம் ஆகும். அங்கிருந்து ஏரியின் கரையோர மலைச்சாலையில் பராபட் வர இன்னும் இரண்டரை மணி நேரம். இரண்டையும் சேர்த்து, படகும் ஏறி, தீவையும் சுற்றி, மாலைக்குள் மேடான் திரும்புவது என்பது சிங்கப்பூருக்குள்ளேயே ஜூரோங்கிலிருந்து சாங்கி போகும் வழியில் எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவையும் பார்த்துவிடலாம் என்பது போன்ற கதை. நிரலை எழுதியவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

இன்னொன்று. அங்கே கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். நம் ஊர் வழக்கத்தில் ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும் என்று நினைத்துப் போனால், அங்கே ஆறரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். எங்களை ஏற்றிக்கொள்ள வண்டி வந்ததே எட்டரை மணிக்கு. "குளிரூட்டப்பட்ட சொகுசுப் பேருந்து" என்று விற்றது முழங்கால் இடிக்கும் ஒரு சிற்றுந்து. வயதானவர்கள் பாதிப் பேர் இருந்த குழு. அதில் என் அம்மாவும் ஒருவர்.

வண்டி பெராஸ்தாகி பக்கம் திரும்பவே இல்லை. நேராக விரைவுச்சாலையில் ஏறியது. கூட வந்த வழிகாட்டிப் பையன் "அருவியைத் திரும்பி வரும்போது பார்க்கலாம்" என்றான். அம்மா பழைய செம்பவாங் ஆள், பேச்சு மலாய் நன்றாக வரும். சியாந்தாரில் வண்டி நின்றபோது ஓட்டுநரோடு பேச்சுக் கொடுத்தார். அந்த மனிதர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "இபு (அம்மா), எனக்குக் கொடுத்த தாளில் அருவியே இல்லையே." தன் கைப்பேசியைக் காட்டினார். மேடான் நிறுவனம் அவருக்கு அனுப்பியிருந்த நிரலில் இருந்தது பராபட், தோமோக், மூன்று கடைகள், அவ்வளவுதான். கடைகளுக்கு மட்டும் தெளிவாக நேரம் குறித்திருந்தது. அம்மா அதைப் படம் எடுக்கச் சொன்னார். பின்னால் எங்களுக்கு உதவியது அந்த ஒரே ஒரு படம்தான்.

இது எப்படி நடக்கிறது என்பதை ஓட்டுநர் சொன்னதிலிருந்தும் பிறகு விசாரித்ததிலிருந்தும் புரிந்துகொண்டேன். இங்கே பணம் வாங்கும் ஏஜென்சி பயணத்தைத் தானே நடத்துவதில்லை. மேடானில் ஒரு நிறுவனத்துக்குக் குறைந்த விலைக்குக் கைமாற்றுகிறது. அவர்களுக்கு அந்த விலை கட்டாது. அதனால் நிரலை வெட்டுகிறார்கள், வண்டியைச் சுருக்குகிறார்கள், மிச்சத்தைக் கடைகள் கொடுக்கும் கமிஷனில் எடுக்கிறார்கள். நாம் காசு கொடுத்து வாங்கிய அதே நேரத்தைக் கடைக்காரரிடம் இன்னொரு முறை விற்கிறார்கள். பலகாரக் கடை, கடலை மிட்டாய்க் கடை, உலோஸ் என்ற பத்தாக் மக்களின் நெசவுத் துணி விற்கும் கடை என்று ஏறி இறங்கிப் பராபட் சேர்ந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

இந்திய சைவச் சாப்பாடு? சோறு, சம்பால், முட்டைப் பொரியல். விரதத்தில் இருந்த ஓர் அத்தை முட்டையை ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டார். இந்த ஏரிப் பகுதியின் பூர்வகுடிகளான பத்தாக் மக்கள் வாழும் இடங்களில் பன்றி இறைச்சி சாதாரணம், மீனும் கிடைக்கும். சைவம் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லி ஏற்பாடு செய்தாக வேண்டும். யாரும் சொல்லவில்லை. கடைக்கார அம்மா பாவம், எங்களைப் பார்த்துத் திகைத்துத்தான் போனார்.

இப்போது படகு. இதை நிதானமாகப் படியுங்கள், மற்றதெல்லாம் காசு போன கதை, இது வேறு.

தனிப்படகு என்று ஒன்று இல்லவே இல்லை. ஊர்க்காரர்கள் அன்றாடம் ஏறும் மரப்படகில்தான் எங்களையும் ஏற்றினார்கள். ஒரு வழிக்கு நம் காசில் ஏறக்குறைய இரண்டு வெள்ளி கட்டணம். முன்தளத்தில் மோட்டார் சைக்கிள்கள், வெங்காய மூட்டைகள், மேல்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஊர்க்காரர்கள் போகிற படகில் போவதில் எனக்கு எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. சொல்லப்போனால் அன்றைக்கு நன்றாக இருந்த கொஞ்ச நேரம் அதுதான். ஆனால் உயிர்காப்பு அங்கிகள் கூரையில் ஒன்றாகக் கயிற்றால் கட்டிக் கிடந்தன. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, அங்கிகளைவிட ஆட்கள் அதிகம் என்பது பார்த்தாலே தெரிந்தது. யார் யார் ஏறினார்கள் என்று பெயரும் எழுதவில்லை.

இதே ஏரியில் 2018 ஜூன் 18 அன்று சினார் பாங்குன் என்ற படகு கவிழ்ந்தது. 43 பேர் ஏற வேண்டிய படகு அது. காணாமற்போனவர்கள் மட்டும் 160-க்கு மேல். பயணிகள் பட்டியல் இல்லாததால் எத்தனை பேர் ஏறினார்கள் என்றே முதலில் யாருக்கும் தெரியவில்லை. படகு சுமார் 450 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது, பெரும்பாலான உடல்களை மீட்க முடியவில்லை. ஏரிதானே, அலை இருக்காது என்ற நினைப்பு வேண்டாம். மதியத்துக்கு மேல் காற்று எழும்பும், நாங்கள் திரும்பும்போதே படகு நன்றாக ஆடியது. அம்மாதான் எழுந்து போய்ப் படகுப் பையனிடம் மலாயில் சத்தம் போட்டு, பெரியவர்களுக்காவது அங்கிகளை அவிழ்த்து வாங்கிக் கொடுத்தார். வழிகாட்டி அப்போது கீழே புகைத்துக்கொண்டிருந்தான்.

தோமோக்கில் இறங்கினோம். சிடாபுத்தார் அரசரின் கல்லறையைப் பார்க்கப் படி ஏறுவதற்குள் "படகு போய்விடும்" என்று கூப்பிட்டுவிட்டார்கள். அம்பாரித்தாவைப் பற்றிக் கேட்டதற்கு "இன்று மூடியிருக்கிறது" என்றான் பையன். பக்கத்தில் நினைவுப்பொருள் விற்றுக்கொண்டிருந்த பெண்மணி "இல்லையே, திறந்துதான் இருக்கிறது" என்றார். திரும்பும் வழியில் பெட்ரோல், தேநீர், இன்னொரு பலகாரக் கடை. அருவி என்ற பேச்சே எழவில்லை. கடைசியில் ஹோட்டல் வாசலில் தலைக்கு 100,000 ரூப்பியா "டிப்ஸ்" கேட்டு நின்றார்கள். ஓட்டுநருக்கு மட்டும் தனியாகக் கொடுத்தோம்.

சிங்கப்பூர் திரும்பியதும் ஏஜென்சிக்கு எழுதினேன். முதல் பதில்: "நிரல் மாற்றத்துக்கு உட்பட்டது என்று கீழே இருக்கிறது." இருந்தது, மிகப் பொடி எழுத்தில். வானிலை கெட்டு, சாலை அடைபட்டு மாற்றினால் அது நியாயம். ஓட்டுநருக்குக் கொடுத்த தாளிலேயே இல்லாத இடத்தை மாற்றினோம் என்று எப்படிச் சொல்வது? அந்தப் படத்தை அனுப்பினேன். அப்புறம் அடுத்த பயணத்தில் 30 வெள்ளி தள்ளுபடி என்று ஒரு கூப்பன் வந்தது. இவர்களோடு அடுத்த பயணமாம்!

சிலர் கேட்டார்கள், உரிமம் உள்ள ஏஜென்சியா என்று. ஆமாம், சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் இணையத்தளத்தில் தேடினால் வருகிறது. உரிமம் இல்லாதவரிடம் பணம் கட்டவே கூடாது, அது சரி. ஆனால் உரிமம் இருப்பதால் அருவியைக் காட்டிவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. பயணக் காப்புறுதியும் பொதுவாக இதற்கு உதவாது. விமானம் தாமதமானால், பெட்டி தொலைந்தால் கொடுப்பார்கள், சேவை மோசம் என்றால் அது அவர்கள் வேலை இல்லை.

எங்களுக்கு வழி கிடைத்தது சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில். பயனீட்டாளர் சங்கமான 'கேஸ்' மூலமாகவும் முயலலாம், ஆனால் அவர்களால் சமரசம்தான் பேச முடியும், ஏஜென்சியைக் கட்டாயப்படுத்த முடியாது. நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வக்கீல் கிடையாது. 5,000 வெள்ளிக்குள் கோரும் தனிநபருக்குக் கட்டணம் 10 வெள்ளி. சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளக் கணக்கை வைத்து இணையத்திலேயே பதியலாம். மேடான் நிறுவனத்தை இங்கே இழுக்க முடியாது. ஆனால் நம்மிடம் பணம் வாங்கி ரசீது கொடுத்தது இங்கே பதிவான நிறுவனம், பொறுப்பும் அவர்களுடையது. அதனால்தான் ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் குழுவில் ஒரு குடும்பம் ஊழியரின் சொந்த பேநவ் (கைப்பேசி வழிப் பணப் பரிமாற்றம்) எண்ணுக்குப் பணம் அனுப்பியிருந்தார்கள். நிறுவனத்துக்குக் கொடுத்ததை நிரூபிக்க அவர்கள் பட்ட பாடு தனிக் கதை. கார்டில் கட்டியவர்கள் வங்கியிடம் மறுப்புத் தெரிவிக்கவாவது முடிந்தது.

வழக்குப் பதிந்த பிறகு குரல் மாறியது. விசாரணைக்கு முன்பே இணையத்தில் பேரம் பேச ஒரு வசதி இருக்கிறது, அதிலேயே முடித்துக்கொண்டார்கள். தலைக்கு 110 வெள்ளி திரும்பி வந்தது. முழுத் தொகைக்குச் சண்டை போட்டிருக்கலாம் என்று தம்பி இன்னும் சொல்கிறான். எனக்குப் போதும்.

ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டவர்கள் மீதியைக் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள்: ஒவ்வோர் இடத்திலும் வந்துசேரும் மணி, புறப்படும் மணி, எந்தத் துறையிலிருந்து எந்தப் படகு, உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று உண்டா, எத்தனை கடைகள். மேடானில் ஓட்டுநருக்குப் போகும் நிரலையும் அனுப்பச் சொல்லுங்கள். "கவலைப்படாதீங்க அண்ணே, எல்லாம் பார்த்துக்கலாம்" என்று குரல் பதிவு மட்டும் வந்தால் மீதியைக் கட்டாதீர்கள்.

ஏரியைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஓர் இரவு சமோசிரில் தங்குங்கள். துக்துக்கில் விடுதிகள் நிறைய இருக்கின்றன, வாடகை மேடானைவிட அதிகமில்லை. பராபட்டின் திகாராஜா துறையிலிருந்து அங்கே படகு போகும். கடைசிப் படகு மாலையிலேயே கிளம்பிவிடும், அதனால் மேடானிலிருந்து காலை ஏழு மணிக்கெல்லாம் வண்டி ஏறிவிடுங்கள்.