ஐவிக் கொடி வாங்கப் போகிறீர்களா? முதலில் இலையின் அடியைப் பாருங்கள்

வீட்டுக்குள் வளர்க்க இணையத்தில் ஐவி வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அப்படி வாங்கி ஏமாந்தேன். விற்றவரின் பெயரைப் போடவில்லை. இந்த வித்தை தெரிந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல.

விளம்பரத்தில் இருந்தது இது: "நன்கு வேர் பிடித்த செடி. வெளிச்சமே தேவையில்லை. தினமும் தண்ணீர் ஊற்றினால் போதும். அறைக் காற்றைச் சுத்தமாக்கும். பூனை, நாய் உள்ள வீட்டுக்கும் ஏற்றது." இதில் ஒன்றாவது உண்மையாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

வந்த தொட்டி என்னவோ அடர்த்தியாகத்தான் இருந்தது. வெள்ளை விளிம்பு வைத்த அழகான இலைகள். ஒரு கொடியை லேசாக நிமிர்த்தினேன், கையோடு வந்துவிட்டது. அடியில் ஒரு வேர்கூட இல்லை. அடுத்ததும் அப்படியே. வெட்டிய தண்டுகளைத் தென்னை நார்க்கழிவில் கொத்தாகச் செருகி, 'செடி' என்று அனுப்பியிருக்கிறார். ஐவித் தண்டு சுலபமாக வேர்விடும், மறுக்கவில்லை. அதுவரை காத்திருந்து விற்பதற்குத்தானே காசு வாங்குகிறார்?

அதைவிட மோசம், கூடவே வந்த விருந்தாளி. இலைகளின் மேல் ஊசி குத்தியது போல வெளிறிய புள்ளிகள். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் மெல்லிய நூலாம்படை. வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு கொடியைத் தட்டினேன். விழுந்த தூசியில் சில நகர ஆரம்பித்தன. சிலந்திப் பேன். இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும்; வெப்பமும் வறண்ட காற்றும் கிடைத்தால் மளமளவென்று பெருகும். நான் கவனிப்பதற்குள் பக்கத்துக் குரோட்டன்ஸிலும் ஏறிவிட்டது.

படங்களோடு புகார் எழுதினேன். "இடம் மாறிய அதிர்ச்சி, தண்ணீரை அதிகமாக்குங்கள்" என்று பதில் வந்தது. வேரில்லாத தண்டுக்கு மேலும் தண்ணீர்! மறுபடி கேட்டதற்கு, திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்றார். இழுத்தடித்தது யார் என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை.

ஐவிக்கு மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். நேர்வெயில் படாத நல்ல வெளிச்சமும் குளுமையும் வேண்டும். இருட்டில் வைத்தால் கொடி மெலிந்து நீளும், புது இலைகளில் வெள்ளை விளிம்பு மங்கும். காற்றுச் சுத்திகரிப்புக் கதைக்கு மூலம் 1989-இல் நாசா செய்த ஆய்வு. அது நடந்தது மூடிய சிறு பெட்டிகளுக்குள். கட்டடங்களில் வழக்கமாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை தேவைப்படும் என்று 2019-இல் வெளிவந்த ஒரு மறுஆய்வு கணக்கிட்டது.

இவற்றையெல்லாம் வியாபாரப் பேச்சு என்று விட்டுவிடலாம். பூனை, நாய் பற்றிய பொய்யை விட முடியாது. ஐவி இலையில் சப்போனின்கள் என்ற நச்சுப் பொருள்கள் உண்டு. தின்ற விலங்குக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அதன் சாற்றிலுள்ள 'ஃபால்கரினால்' என்ற வேதிப்பொருள் சிலருக்குத் தோலில் தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்கும். கத்தரிக்கும்போது கையுறை போடுங்கள்.

வாங்கும்முன் இலையின் அடிப்பக்கத்தையும் வேரையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். பார்சலைப் பிரிப்பதைக் காணொளியாக எடுத்து, அன்றைக்கே தண்டைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள். குறை இருந்தால் "சில நாள் பொறுங்கள்" என்பதற்குச் சம்மதிக்காமல், கெடுவுக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். எப்படிப்பட்ட செடியானாலும் சில வாரங்கள் மற்றவற்றோடு சேர்க்க வேண்டாம்.