கடதாசியா, கிண்டிலா, போனா? ஒரு விமர்சனக்காரனின் கணக்கு

போன மாரியில் ஒரு கவிதைத் தொகுப்புக்கு விமர்சனம் எழுதினேன். வரிகள் காரணமில்லாமல் உடைகின்றன, ஒற்றைச் சொற்கள் அந்தரத்தில் தொங்குகின்றன என்று கொஞ்சம் காரமாகவே எழுதிவிட்டேன். படித்தது கிண்டிலில், அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவியில். இரண்டு மாதம் கழித்து அதே தொகுப்பு அச்சில் கைக்கு வந்தது. விரித்துப் பார்த்தால் கவிஞர் எந்த வரியையும் அப்படி உடைக்கவில்லை. கண்ணாடி போடப் பஞ்சிப்பட்டு எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தவன் நான். நீள வரிகள் ஆறு அங்குலத் திரைக்குள் அடங்காமல் மடிந்து, கடைசிச் சொல் கீழே விழுந்திருக்கிறது. நான் கவிஞரின் தலையில் கட்டிய குற்றம் என்னுடைய திரையின் குற்றம்.

அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தை எதில் படித்தேன் என்று விமர்சனத்தின் அடியில் ஒரு வரி எழுதுகிறேன். எதை எதில் படிக்கலாம் என்பதில் எனக்கென்று ஒரு கணக்கும் உண்டாகிவிட்டது.

நாவல் என்றால் கிண்டில்தான். புதுக்குடியிருப்பில் இருந்து கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். பரந்தன் வீதி பஸ்தான் என் வாசிகசாலை. பொன்னியின் செல்வனின் ஐந்து பாகத்தையும் சோற்றுப் பார்சலோடு தூக்கிக்கொண்டு திரிய ஏலாது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கும், 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். யன்னல் பக்கம் இருந்தால் வெயிலில் போன் திரையில் கதை தெரியாது, என் முகம்தான் தெரியும். கிண்டிலில் இருப்பது மின்மைத் திரை (e-ink), அதற்கு வெயில் ஏற ஏற எழுத்துத் துலங்கும். பெரும்பாலும் பக்கம் மாறும்போதுதான் திரை மின்சாரம் குடிக்கும் என்பதால், கரண்ட் நின்றுபோன கிழமையிலும் அதற்குச் சார்ஜ் இருந்தது. இரவில் நுளம்பு வலைக்குள் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் படிக்கலாம். மழை விட்ட இரவில் வீட்டு லைட்டைப் போட்டால் ஈசல் வந்து புத்தகத்தின் மேலேயே செட்டை உதிர்க்கும். அந்தக் கரைச்சலும் இல்லை.

ஆனால் விமர்சனம் எழுத உட்காரும்போது கிண்டில் காலை வாரும். பல மின்னூல்களில் பக்க எண் இல்லை. அதற்குப் பதிலாக இருக்கும் இட எண்ணை எழுதினால், அச்சுப் பிரதி வைத்திருப்பவர் எங்கே போய்த் தேடுவார்? அடிக்கோடும் இன்னொரு தொல்லை. விரலால் இழுத்தால் கோடு, எல்லாம் ஒரே கோப்பில் சேர்ந்துவிடும், வசதிதான். வசதி கூடியதால் ஒரு நாவலில் நூற்று நாற்பது இடம் கோடிட்டிருந்தேன். எது முக்கியம் என்று தெரியாமல் அந்தக் கோப்போடு ஒரு இரவு போனது. பென்சில் பிடித்துப் படித்த நாவல்களில் பத்துப் பன்னிரண்டு கோடுதான் இருக்கும். விமர்சனம் பாதி அப்போதே எழுதியாயிற்று.

பழைய ஈழத்து நூல்களுக்கு வந்தால் கிண்டில் தோற்றுப்போகும். ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்கும், 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டத்தில் கிடைப்பவை பெரும்பாலும் ஸ்கான் செய்த பக்கங்கள். படம் என்பதால் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. கிண்டிலில் திறந்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். எல்லோரும் இளக்காரமாகப் பார்க்கும் போன் இங்கேதான் கை கொடுக்கிறது. சரித்துப் பிடித்தால் அரைப் பக்கம் அகலமாக வரும். அ. பாலமனோகரனின் நிலக்கிளியை, 1973 இல் வந்த எங்கள் பக்கத்து நாவலை, அப்படித்தான் படித்து முடித்தேன். கதை நடக்கும் தண்ணிமுறிப்புக்கு வீட்டில் இருந்து மோட்டார் சைக்கிளில் போகலாம். அந்தக் காட்டை உள்ளங்கை அளவு திரையில் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். டப் (டப்லெட்) இருந்தால் இந்தப் பாடு பாதி குறையும். வீட்டில் ஒன்று இருக்கிறது, மகளின் வகுப்புக்கென்று வாங்கியது. ஒன்பது மணிக்குப் பிறகுதான் என் கைக்கு வரும்.

புதிதாக எழுதுபவர்கள் விமர்சனத்துக்கு அனுப்பும் பீடிஎஃப் வேறு ரகம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது என்றால் கண்ணுக்கு வடிவாகத் தெரியும். மேற்கோளுக்கு ஒரு பந்தியை நகலெடுத்து ஒட்டினால், அம்மா என்ற சொல்லே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழும். திரும்பவும் அடிக்கத்தான் வேணும்.

வரலாற்று நூலுக்கு எந்தத் திரையும் சரிவரவில்லை. ஜே. பி. லூயிஸ் 1895 இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கைநூலை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னே ஒரு பக்கம், பின்னே ஒரு பக்கம் என்று மாறிமாறிப் பார்த்தால்தான் விளங்கும். கடைசியில் தேவையான பக்கங்களைக் கொமினிகேசன் கடையில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்தேன்.

"போனிலை இருக்கிறதை ஏன் தம்பி காசு குடுத்துக் கடதாசியிலை எடுக்கிறியள்?" என்று கடை அக்கா கேட்டா.

"ரெண்டு பக்கத்துக்கு நடுவிலை விரலை வைக்க வேணும் அக்கா" என்றேன். சிரித்துவிட்டு ஸ்பைரல் போட்டுத் தந்தா.

சமையல், பயிர்ச்செய்கைப் புத்தகங்களுக்குப் போன் போதும். படம் நிறத்தில் வேணும், என் கிண்டிலோ கறுப்பு வெள்ளை. சிறுவர் நூலைத் திரையில் படித்து விமர்சனம் எழுதுவதை நான் விட்டுவிட்டேன்.

கடதாசிக்கு எதிராகச் சொல்ல இங்கே ஆட்களுக்குக் காரணம் இருக்கிறது. ஒரு மாரி கவனிக்காமல் விட்டால் கறையான் அலுமாரியின் பின்பக்கத்தால் ஏறிவிடும். இடப்பெயர்வு அதைவிட மோசம். 2009 க்கு முதல் சேர்த்த புத்தகத்தில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. கிண்டிலில் என்றால் எங்கே போனாலும் கூடவரும் என்கிறார்கள். வரும்தான். ஆனால் அங்கே காசு கொடுத்து வாங்குவது புத்தகத்தை அல்ல, படிக்கிற அனுமதியை. என் கிண்டிலில் உள்ளவை கனடாவில் இருக்கும் மச்சாளின் கணக்கில் வாங்கியவை. மச்சாள் கடவுச்சொல்லை மறந்த மூன்று நாளும் புதிதாக ஒன்றையும் இறக்க முடியவில்லை.

கவிதைக்கு இனிக் கடதாசிதான். அந்தத் தொகுப்புக்குத் திருத்தம் எழுதி, கவிஞருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். கோபிப்பார் என்று நினைத்தேன்.

"அண்ணை, எழுத்தை எத்தனையிலை வைச்சுப் படிச்சனீங்கள்?" என்று மட்டும் கேட்டார்.

ஏழு என்றேன்.

ஐந்தில் வைத்தால் உடையாதாம். தானே ஒரு கிண்டிலை இரவல் வாங்கிப் பார்த்திருக்கிறார்.