கிரெப்பா, ரிப்கிரெப்பா?

கும்பகோணம், திருவையாறு பக்கத்து ஊர்க்குறிப்புகளைத் தட்டச்சு செய்த கோப்புகளில் ஆற்றின் பெயர் காவிரி, காவேரி என்று கலந்தே கிடக்கும். காவ[ிே]ரி என்ற ஒரே ரெகெக்ஸ், அதாவது தேடலுக்கான எழுத்து வடிவம், இரண்டையும் பிடிக்கும். கோப்புகளுக்குள் சொல் தேடும் கட்டளைக் கருவிகளான கிரெப், ரிப்கிரெப் இரண்டில், இந்த மாதிரித் தமிழ்த் தேடலுக்கு என் தேர்வு ரிப்கிரெப்.

1973-இல் யூனிக்ஸில் வந்த கிரெப், லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் தயாராகவே இருக்கும். அது பெரிய வசதி. ஆனால் கணினியின் மொழி அமைப்பான லொகேல், தமிழ் எழுத்துகளையும் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இல்லாவிட்டால், மூன்று பைட் கொண்ட ஒரு தமிழ்க் குறியை அது ஒரே எழுத்தாகப் பார்க்காது. மேலே சொன்ன ரெகெக்ஸ் எதையும் காட்டாது. கோப்பில் அந்தப் பெயரே இல்லை என்று நாமும் நம்பிவிடுவோம்.

ரிப்கிரெப்பைத் தனியாக நிறுவ வேண்டும், சரி. எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறியீட்டுமுறையான யூனிகோட் அதற்கு இயல்பிலேயே தெரியும். உள்கோப்புறைகளையும் தானே துழாவும். மறைகோப்புகளையும் கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியின் ஒதுக்கல் பட்டியலான கிட்இக்னோர் ஒதுக்கியவற்றையும் சொல்லாமல் தாண்டிவிடும். அவையும் வேண்டுமென்றால் கட்டளையில் மைனஸ் யூயூ (-uu) சேர்த்துத் தேடுங்கள்.