சோல்டர் டிராஸ் விற்பவர்கள் உஷார்: எனக்கு ₹2,96,920 போச்சு

பெங்களூரு பீனியா தொழிற்பேட்டைப் பக்கம் சின்னதாக எலக்ட்ரானிக் போர்டு அசெம்பிளி யூனிட் வைத்திருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கோபத்தில் எழுதுவதால் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் மைத்துனரும் ஜாப் ஒர்க் செய்கிறோம். இரண்டு வேவ் சோல்டரிங் மெஷின், அதாவது போர்டில் பாகங்களைப் பற்றவைக்கும் உலோகக் கலவையான சோல்டரை உருக்கி அலையாக எழுப்பி, அதன் மேல் போர்டை ஓட்டும் மெஷின். ஒன்றில் லெட் ஃப்ரீ (காரீயம் இல்லாதது) ஓடுகிறது: வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, தாமிரம் 0.5 சதவீதம். இன்னொன்று பழைய கஸ்டமர் ஒருவருக்காக ஓடும் 63/37. அதில் 37 பங்கு காரீயம். மெஷின் தொட்டியில் உருகிய சோல்டர் காற்றுப்பட்டு மேலே பால் ஏடு போலக் கட்டுவதை வழித்து ட்ரம்மில் போடுவோம், அதுதான் டிராஸ். பார்க்கக் குப்பை. ஆனால் உள்ளே பெரும்பகுதி நல்ல உலோகம், ஆக்சைடுக்குள் சிக்கிக் கிடக்கும். சோல்டர் பார் (மெஷினில் போடும் புது சோல்டர் கட்டி) விற்கும் விலைக்கு அதை யாரும் சும்மா விடுவதில்லை.

காரீய டிராஸ் அபாயக் கழிவு. 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. அந்தக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. பார் சப்ளையர் எடுத்துக்கொள்வார், ஆனால் பணமாகத் தரமாட்டார், புது பாரில் கழிப்பார். எங்களுக்கு அந்த மாதம் சம்பளத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. ஸ்கிராப் விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கும் ஆன்லைன் தளம் ஒன்றில் லாட்டைப் போட்டோம். பெயர் எழுதவில்லை, வக்கீல் வேண்டாம் என்கிறார்.

மறுநாளே ஒருவர் வந்தார். தளத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக், ‘சரிபார்க்கப்பட்டவர்’. தமிழ்க்காரர், தர்மபுரிப் பக்கம் என்றார். என் அம்மாவின் ஊர் பாலக்கோடு என்றதும் அங்கே சந்தை எந்தக் கிழமை என்று கேட்டார். பிறகு பையிலிருந்து எக்ஸ்ஆர்எஃப் கன்னை எடுத்தார், எக்ஸ்ரே அடித்து என்ன உலோகம் என்று காட்டும் கைக்கருவி. ட்ரம்மிலிருந்து ஒரு கட்டியை எடுத்து வைத்து ட்ரிகரை அழுத்தினார். சில நொடிகளில் திரையில் வெள்ளீயம் 96-க்கு மேல், வெள்ளி 3-க்குப் பக்கத்தில். திரையை என் பக்கம் திருப்பி, “பாருங்கண்ணா, உங்க சரக்கு சுத்தம். நம்ம ஆளுங்ககிட்ட நான் விலை குறைக்க மாட்டேன்” என்றார். எங்கள் ஆபரேட்டர் பையன் அந்தத் திரையைப் போட்டோகூட எடுத்தான். டீ வரவழைத்தோம். அந்த டீயை நினைத்தால்தான் எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தக் கன் ஆக்சிஜனைப் பார்க்காது. மேல்தோலில் இருக்கும் உலோகங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு விகிதம் சொல்லும். முழு லாட்டில் எவ்வளவு உலோகம், எவ்வளவு ஆக்சைடு என்பதை அது சொல்லவே சொல்லாது. உருக்கிப் பார்த்தால்தான் தெரியும். இது அந்த ஆளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் திரையை என் பக்கம் திருப்பினார்.

பேசியது இது. லெட் ஃப்ரீ 170 கிலோ, கிலோ ₹1,400. காரீய டிராஸ் 70 கிலோ, கிலோ ₹800. மொத்தம் ₹2,94,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் ₹52,920 சேர்த்து பில் ₹3,46,920. முன்பணம் ₹50,000 எங்கள் கண்முன்னே அக்கவுண்டில் விழுந்தது. மீதி ₹2,96,920 சரக்கு இறங்கிய மூன்று வேலை நாளில். பில், இ-வே பில், காரீய ட்ரம்முக்கு மானிஃபெஸ்ட் (அபாயக் கழிவு எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் படிவம்), எல்லாம் ஒழுங்காகப் போட்டுத்தான் வண்டி ஏற்றினோம்.

மூன்று வேலை நாள் ஒரு வாரம் ஆனது. முதலில் “அக்கவுண்டன்ட் லீவு”. பிறகு “லேப் ரிப்போர்ட் வரணும்ணா”. பிறகு அவர் போனையே எடுக்கவில்லை. அவர் ஆபீஸ் என்று சொல்லி ஒரு பெண் இந்தியில் பேசினார், எதைக் கேட்டாலும் மெயில் போடச் சொன்னார். போட்டோம். அதற்கு ஒரு பதில் வந்தது பாருங்கள்! உருக்கியதில் ரெக்கவரி, அதாவது தேறிய நல்ல உலோகம், 31 சதவீதம்தானாம். ரிஃபைனிங் சார்ஜ், வண்டி வாடகை, கழிவை அப்புறப்படுத்திய செலவு எல்லாம் கழித்தால் முன்பணமே அதிகமாம். நாங்கள்தான் அவர்களுக்கு ₹4,300 தர வேண்டுமாம். மீதித் தொகைக்குக் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட்டு அனுப்பச் சொல்லி ஒரு வரி வேறு.

31 சதவீதம்! மண்ணை அள்ளிப் போட்டிருந்தாலும் அவ்வளவு குறையாது. எங்கே உருக்கினீர்கள், சாம்பிள் எங்கே, சரக்கைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டோம். “லாட் மிக்ஸ் ஆயிடுச்சு.”

தளத்துக்காரர்களிடம் போனால் அவர்கள் வெறும் இடைத்தரகர்களாம். பச்சை டிக் என்றால் ஜிஎஸ்டி நம்பரும் மொபைல் ஓடிபியும் சரி என்று மட்டும்தான் அர்த்தமாம். டிக்கெட் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டு, சேவைக்கு எத்தனை ஸ்டார் என்று கேட்கிறார்கள். ஸ்டேஷனில் “சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க” என்று அனுப்பிவிட்டார்கள். மைத்துனருடன் பில்லில் இருந்த விலாசத்துக்கே போனேன், நெலமங்கலம் தாண்டி. பூட்டிய ஷட்டர். பக்கத்துக் கடைக்காரர் சிரிக்கிறார், எங்களுக்கு முன்பே வேறு ஆட்கள் தேடி வந்துவிட்டார்களாம்.

இதில் இன்னொரு கொடுமை. பணம் வரவில்லை என்றாலும் பில் போட்டாயிற்று. அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் ₹52,920 ஜிஎஸ்டியை நான் கட்டியாக வேண்டும். கட்டிவிட்டேன். திருடனுக்கு இன்புட் கிரெடிட்டும் (வாங்கிய சரக்கின் வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்வது) நானே கொடுத்த மாதிரி.

பணத்தைவிட என்னைத் தூங்கவிடாதது காரீய ட்ரம். மானிஃபெஸ்டில் ஏழு நகல், ஒவ்வொன்றும் ஒரு நிறம். சரக்கைப் பெற்றவர் கையெழுத்திட்டு அனுப்பியவருக்குத் திருப்பித் தர வேண்டியது நீல நகல். அது வரவில்லை. வராத வரை அந்த 70 கிலோ எங்கே போனது என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. நாளைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் நான். அதை எந்தச் சந்தில், எந்தக் குழந்தைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் அடுப்பில் உருக்கினார்களோ. பீனியா நிலத்தடி நீரில் ஏற்கனவே குரோமியம் கலந்து கிடக்கிறது. இந்த லட்சணத்தில் இது வேறு.

சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இருப்பதால், வராத பாக்கிக்குப் புகார் வாங்கும் அரசின் சமாதான் போர்ட்டலில் புகார் போட்டிருக்கிறேன். வாரியத்துக்கும் எழுத்தில் கொடுத்துவிட்டேன். ₹2,96,920 திரும்பும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

ரெக்கவரி பார்த்து விலை என்றால் உங்கள் கண்முன்னே உருக்கி, கலக்கி, அந்த உருகலில் இருந்து சாம்பிள் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு பாதி உங்களிடம், சீல் வைத்து. கன்னைக் காட்டினால் டீ வாங்கித் தராதீர்கள்.

முழுப் பணம் வராமல் வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது.

உலோக ஸ்கிராப் பில் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் வாங்குபவர் 2 சதவீதம் ஜிஎஸ்டி டிடிஎஸ் (நமக்குத் தரும் பணத்தில் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும், 2024 அக்டோபர் 10-லிருந்து இதுதான் விதி. அந்தப் பேச்சையே எடுக்காத ஆள் எதையும் கட்டப்போவதில்லை.

காரீயம் என்றால் வாரியத்தின் அனுமதிக் கடிதத்தை வாங்கி, அதில் இருக்கும் விலாசத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் பார் சப்ளையரிடமே கொடுங்கள், விலை குறைந்தாலும் பரவாயில்லை.

அந்த வண்டி நம்பரும் ஜிஎஸ்டி நம்பரும் என்னிடம் இருக்கின்றன. இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் தனியாகத் தொடர்புகொள்ளுங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம்.