ஜெனோவாவில் பெஸ்தோ வாங்கும் முன் புட்டியைத் திருப்பிப் பாருங்கள்

பெஸ்தோ என்பது பேசில் (துளசி இனத்து மண இலை), கொட்டை, சீஸ், எண்ணெய் சேர்த்து இடிக்கும் பச்சை சாஸ். இத்தாலியின் ஜெனோவாவில் பழைய துறைமுகப் பக்கம் ஓர் உணவகம். வாசலில் பளிங்கு உரல், மர உலக்கை எல்லாம் பார்வைக்கு இருக்கும். "காலையில் இடித்தது" என்று சொல்லி 16 யூரோவுக்கு பெஸ்தோ போட்ட ட்ரோஃபியே (முறுக்கிய சிறு பாஸ்தா) தந்தார்கள். வந்ததோ மங்கிப் பழுப்பேறிய சாஸ். ஓரமெல்லாம் எண்ணெய் பிரிந்து, சீஸ் நூல்நூலாக இழுத்தது.

வாணலியில் சுடவைத்தால் இப்படித்தான் ஆகும். சூட்டில் பேசில் இலையின் பச்சை செத்துவிடும், சீஸ் திரண்டுவிடும். பெஸ்தோவை அடுப்பில் ஏற்றவே கூடாது. கிண்ணத்தில் போட்டு, பாஸ்தா வெந்த தண்ணீர் ஒன்றிரண்டு கரண்டி விட்டு இளக்கி, வடித்த பாஸ்தாவை அதில் பிரட்ட வேண்டும். ஜெனோவா இருக்கும் லிகூரியா பகுதி வழக்கப்படி உருளைக்கிழங்கும் பீன்ஸும் அதே பானையில் வேகும். இவர்கள் தட்டில் இரண்டும் இல்லை.

கல்லா அருகே "அதே பெஸ்தோ" 180 கிராம் புட்டி, 9 யூரோ. அதுவும் ஃப்ரிட்ஜில் இல்லை, வெறும் அலமாரியில்! குட்டு அங்கேயே உடைந்தது. இடித்த பெஸ்தோ குளிரில்தான் தாங்கும். மாதக்கணக்கில் வெளியே நிற்பது சூடாக்கிப் பதப்படுத்தியது. பின்பக்கம் படித்தால் முதல் பெயரே சூரியகாந்தி எண்ணெய். பிறகுதான் பேசில், முந்திரி, உருளைக்கிழங்குத் தூள், குளுக்கோஸ். ஐரோப்பிய விதிப்படி எடை கூடியது முதலில் வரும்.

முறையான அளவு இது: 60–70 கிராம் இலைக்கு பைன் கொட்டை 30 கிராம், பார்மிஜானோ சீஸ் 45–60, ஃபியோரே சார்தோ என்ற செம்மறியாட்டுப்பால் சீஸ் 20–40, பூண்டு ஒன்றிரண்டு பல், கல் உப்பு, ஆலிவ் எண்ணெய் 60–80 மில்லி. முந்திரி விலை குறைவு என்பதற்காகச் சேர்ப்பது.

அதைவிட மோசம், கொட்டை என்ன என்று கேட்டதற்குப் பரிமாறியவர் "பைன் மட்டும்தான்" என்றார். முந்திரி ஒவ்வாமை உள்ளவர் நம்பிச் சாப்பிட்டிருந்தால்? ஐரோப்பாவில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் முந்திரியும் ஒன்று. புட்டியைக் காட்டிக் கேட்டதும் அதன் பணத்தை மட்டும் திருப்பினார்கள், தட்டுக்கு இல்லையாம்.

டிஓபி (பிறப்பிடப் பெயர்ப் பாதுகாப்பு) முத்திரையைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். 2005 முதல் அந்தப் பாதுகாப்பு ஜெனோவா பேசில் இலைக்குத்தான், பெஸ்தோவுக்கு அல்ல. இலை அசலாகவே இருக்கும், எண்ணெயும் கொட்டையும் எதுவாகவும் இருக்கலாம்.